நான்கு பேர் பயப்படும் கார்

இதை நான் நேரில் பார்க்கவில்லை. விடுதியில் என் பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்தவள் சொன்னாள். அவளுக்கு அவளுடைய அத்தை மகள் சொல்லியிருக்கிறாள். அந்த அத்தை மகள் பூலாங்காட்டூரில் நான்கு வருடம் படித்தவள். இரண்டு வாய் கடந்து வந்த கதை என்பதால் ஒன்றிரண்டு விவரங்கள் மாறியிருக்கலாம். முக்கியமானவை மாறியிருக்காது என்று நினைக்கிறேன்.

பூலாங்காட்டூரில் கார் இன்சூரன்ஸுக்குப் பணம் வாங்குவதில்லை. இருக்கை வாங்குகிறார்கள். ஓட்டுபவரால் எவ்வளவு ஆபத்து என்று அலுவலகம் முடிவு செய்து, அதற்கேற்ற எண்ணிக்கையில் ஆட்களை அவருடைய காரில் ஏற்றி அனுப்புகிறது. அவர்களுக்கு அச்சப் பிரதிநிதிகள் என்று பெயர். கம்பெனி தலைமை அலுவலகத்தில் உட்கார்ந்துகொண்டு ஒவ்வொரு காருக்கும் தனித்தனியாகப் பயப்பட முடியாது. அதனால் அந்த வேலையைச் செய்ய ஆள் வைத்திருக்கிறது. பிரதிநிதிகள் காலையில் ஏறி, கார் நிற்கும்வரை உடனிருந்து, பயப்பட வேண்டிய இடங்களில் பயப்பட்டுவிட்டு, மாலையில் இறங்கிக்கொள்கிறார்கள்.

அந்த ஊரில் ஏழு கல்லூரிகளும் ஒரு சிக்னலும் இருக்கின்றன. ஓட்டுபவர் இருபத்து மூன்று வயதுக்குக் கீழே என்றால் ஒரு பிரதிநிதி. மாணவர் என்றால் இன்னொருவர். வீடு ஊருக்குள்ளேயே என்றால் மூன்றாமவர், ஏனென்றால் ஊருக்குள் மற்ற மாணவர்களும் ஓட்டுகிறார்கள். அதற்குமேல் அவரவர் செய்த காரியத்தைப் பொறுத்தது. மெக்கானிக்கல் படித்த லோகநாதன் என்பவனுக்குப் பதினோரு பேர் விதிக்கப்பட்டார்கள். அவன் காரை விற்றுவிட்டு மினிபஸ் வாங்க வேண்டியதாயிற்று. நிறுத்தத்தில் நின்றவர்கள் கைகாட்டி ஏற ஆரம்பித்தார்கள். இப்போது அது பதினான்காம் எண் வண்டி. நேரத்துக்கு எடுக்க வேண்டியிருப்பதால் லோகநாதனால் இறங்கி வகுப்புக்குப் போக முடிவதில்லை. வண்டி கல்லூரி வாசலைத் தாண்டும்போது பேராசிரியர் ஓடி வந்து அன்றைய பாடத்தை ஜன்னல் வழியாகச் சொல்லிவிட்டுப் போவார்.

இந்தக் கதை சிவரஞ்சனியைப் பற்றியது. சிவில் முடித்திருந்தாள். அவள் குடும்பத்தில் முதல் பட்டதாரி. ஆனால் பட்டத்தைக் கையில் வாங்கும்வரை மாணவர்தான் என்று இன்சூரன்ஸ் அலுவலகம் சொல்லிவிட்டது. அவளுடைய மாமா மஸ்கட் போகும்போது விட்டுச் சென்ற பழைய வெள்ளைக் காரில் தினமும் ஊருக்கு வெளியே நடக்கும் ஓர் அடுக்குமாடி வேலையிடத்துக்குப் போய் வந்தாள். வயதுக்கு ஒருவர், படிப்புக்கு ஒருவர், ஊருக்குள் எடுத்திருந்த அறையின் முகவரிக்கு ஒருவர். நான்காமவர் அவளாகச் சம்பாதித்தது. முதல் வாரம் ரிவர்ஸ் எடுக்கும்போது ஒரு கரும்புச்சாறு வண்டியின் சக்கரத்தைத் தொட்டுவிட்டாள். வண்டிக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் இஞ்சி விழுந்துவிட்டது.

முன்னிருக்கையில் மருதாசலம் உட்கார்வார். ஓய்வுபெற்ற நில அளவையர். இந்தத் தொழிலில் பத்தொன்பது வருட அனுபவம். அவருடைய காலடியில் பிரேக் கிடையாது, ஆனாலும் அந்த இடத்தில் தரைவிரிப்பு தேய்ந்து ஓட்டையாகியிருந்தது. பின்னால் மூன்று பேர். ஒருவர் மூச்சை உள்ளே மட்டும் இழுப்பார். அவர் எப்போது வெளியே விடுகிறார் என்று யாரும் பார்த்ததில்லை. நடுவில் டயானா டீச்சர், கண்ணை மூடிக்கொண்டு உதடு அசைப்பார். மூன்றாமவர் காரின் கைப்பிடியை நம்பாமல் வீட்டிலிருந்தே ஒரு கைப்பிடி கொண்டுவந்து அதைப் பிடித்துக்கொள்வார்.

"அம்மிணி, லாரி" என்பார் மருதாசலம்.

"அது நிக்குதுங்கய்யா. பஞ்சர்."

"நிக்கற லாரிதான் அம்மிணி எப்பக் கிளம்பும்னு தெரியாது."

சிவரஞ்சனி அதைச் சரி என்றே நினைத்தாள். அவளும் அந்த லாரியைப் பார்த்துப் பயந்துகொண்டுதான் இருந்தாள். ஓட்டுநர் பயப்படுவது விதிப்படி கணக்கில் வராது என்பதால் அதை யாரும் கேட்கவில்லை.

ஐந்து பேர் உட்காரும் காரில் ஐந்து பேர் இருந்ததால், அவளுடைய அம்மா பாவாத்தாள் அந்தக் காரில் ஒருநாளும் ஏறியதில்லை. பாவாத்தாள் காலையில் மொபெட்டில் மூன்று பால் கேன்களைக் கட்டிக்கொண்டு சொசைட்டிக்குப் போவாள். திரும்பும்போது மகளுடைய காருக்குப் பக்கத்திலேயே மொபெட்டை ஓட்டிக்கொண்டு வருவாள். தாயும் மகளும் பேசிக்கொள்வதெல்லாம் அப்போதுதான். சிக்னல் விழுந்தால் சாவகாசமாகப் பேசலாம்.

"சோறு எடுத்துட்டியா?"

"எடுத்துட்டேன். அம்மா, முன்னாடி பாரும்மா!"

"நான் பாத்துட்டுத்தான் வர்றேன். நீ ஊறுகாயை மறந்துட்டே, இந்தா." ஓடுகிற மொபெட்டிலிருந்து ஓடுகிற காருக்குள் டப்பா வரும். பின்னிருக்கையில் மூச்சு உள்ளே போகும்.

பட்டமளிப்பு விழாவுக்குக் கடிதம் வந்தது. பல்கலைக்கழகம் அறுபது கிலோமீட்டர் தள்ளி. கடிதத்தோடு ஒரு சீட்டும் இருந்தது: பெற்றோர், ஒருவர். பாவாத்தாளுக்குப் பஸ் ஒத்துக்கொள்ளாது. மூன்றாவது நிறுத்தத்தில் குமட்டிக்கொண்டு இறங்கிவிடுவாள். மொபெட் நாற்பது கிலோமீட்டரில் சூடாகி நின்றுவிடும். ஆனாலும் அவள் சீட்டை வாங்கிப் பார்த்த அன்றே பட்டுச் சேலையை எடுத்து இஸ்திரி போட்டுக் கதவின் மேல் தொங்கவிட்டுவிட்டாள். அந்தச் சேலையின் நிறத்தை என்னிடம் சொன்னவளும் அவளுடைய அத்தை மகளும் வேறுவேறாகச் சொல்கிறார்கள். பச்சை என்றே வைத்துக்கொள்கிறேன். அன்று முதல் வீட்டில் அந்தக் கதவைச் சாத்தவில்லை. சேலை கசங்கிவிடும்.

சிவரஞ்சனிக்கு ஒரு இருக்கை வேண்டும். பத்தொன்பது நாள் இருந்தது.

இன்சூரன்ஸ் அலுவலகம் ஒரு பேக்கரிக்கு மேலே, முதல் மாடியில் இருந்தது. கிளை மேலாளர் தெய்வானை மேடம் விதியைச் சொன்னார். "பதினஞ்சு நாள் தொடர்ந்து உங்க வண்டியில ஒருத்தரும் பயப்படாம இருந்தா ஒருத்தரை இறக்கிடலாம்."

"மருதாசலம் அய்யா அன்னிக்கு மட்டும் லீவு போட்டா?"

"பதில் ஆள் வருவார். பதில் ஆளுங்க புதுசு. இன்னும் எச்சாப் பயப்படுவாங்க."

அன்றிலிருந்து சிவரஞ்சனி இருபது கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போகவில்லை. நாயைப் பார்த்தால் நிறுத்தி, நாய் முடிவெடுக்கும்வரை காத்திருந்தாள். வளைவுகளில் ஆரன் அடித்துவிட்டு, இறங்கிப் போய் எட்டிப் பார்த்துவிட்டு, வந்து ஏறித் திரும்பினாள். முதல் நாள் யாரும் பயப்படவில்லை. மூன்றாம் நாள் டயானா டீச்சர் கண்ணைத் திறந்து ஊரைப் பார்த்தார். இங்கே ஒரு தபால் ஆபீஸ் இருக்கிறதா என்று கேட்டார். ஏழாம் நாள் கைப்பிடிக்காரர் கைப்பிடியை மடியில் வைத்துவிட்டுக் கடலை சாப்பிட்டார். பதினோராம் நாள் மூச்சு உள்ளே இழுப்பவர் மூச்சை வெளியே விட்டார். முன்கண்ணாடி முழுக்க மூடுபனி போலப் படர்ந்தது. வண்டியை ஓரமாக நிறுத்தித் துடைத்தார்கள்.

பன்னிரண்டாம் நாள் காலை மருதாசலம் விரலை மடக்கி நாட்களை எண்ணிக்கொண்டே வந்தார். சிக்னலில் மெதுவாகச் சொன்னார்.

"அம்மிணி, பதினோரு நாளா ஒன்னுமே ஆகல."

"ஆமாங்கய்யா."

"ஒன்னுமே ஆகலியே. எனக்கென்னமோ பயமா இருக்குது."

பின்னிருக்கையில் மூச்சு உள்ளே போனது. டீச்சர் கண்ணை மூடிக்கொண்டார். கைப்பிடிக்காரர் கடலைப் பொட்டலத்தைக் கீழே போட்டுவிட்டுக் கைப்பிடியைத் தேடினார். மருதாசலத்தின் கால் ஓட்டை வழியாகப் போய்ச் சாலையையே தொட்டது.

சிவரஞ்சனி அழவில்லை. ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டாள். ஆரன் அடித்தது. பச்சை விளக்கு விழுந்தும் அவள் நெற்றியை எடுக்காததால் பின்னால் இருந்த ஆறு கார்களிலும் பிரதிநிதிகள் பயந்தார்கள்.

"உங்க சமாச்சாரம் எனக்குத் தெரியுமுங்க" என்றார் மருதாசலம். அவருக்கு மனசு சங்கடமாக இருந்தது. "இப்படிப் பண்ணலாம். ஆபீஸ்ல பிரதிநிதி வேலைக்கு ஆள் எடுக்கறாங்க. உங்கம்மா சேந்துட்டா, நான் ரெண்டு வாரத்துக்கு வேற வண்டிக்கு மாறிக்கறேன். உங்கம்மாளே என் எடத்துல உக்காந்து பயந்துட்டு வரட்டும். பெத்தவளைவிட ஆரு நல்லாப் பயப்படுவா?"

இது எல்லோருக்கும் நியாயமாகப் பட்டது.

மறுநாள் பாவாத்தாள் சொசைட்டியிலிருந்து நேராக அலுவலகத்துக்கு வந்தாள். பால் கேன்களைப் பேக்கரியில் வைத்துவிட்டு மேலே ஏறினாள். சிவரஞ்சனி வெளியே பெஞ்சில் உட்கார்ந்தாள். மருதாசலம் பக்கத்தில் உட்கார்ந்தார். கதவு திறந்தே இருந்தது.

"லாரி பின்னாடியே வருது. ஆரன் அடிக்கறான். என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டார் தெய்வானை மேடம்.

"வழி உட்ருவனுங்க."

"வழி இல்லை."

"அப்ப அவன்தானுங்க பொறுத்துக்கோணும்."

மேடம் எழுதிக்கொண்டார். "திடீர்னு முன்னாடி ஒரு மாடு."

"யாரூட்டு மாடுங்க?"

"ஏதோ ஒரு மாடு."

"மாட்டுக்கு ஆள் இருக்குமுங்க. அப்படியெல்லாம் ஏதோ ஒரு மாடுன்னு கெடையாது."

"சரி. மழை. ஹெட்லைட் எரியலை."

"என்ற வண்டியில ஹெட்லைட்டே இல்லீங்க."

பெஞ்சில் சிவரஞ்சனி லேசாக ஒரு சத்தம் போட்டாள். ஹெட்லைட் இல்லாத விஷயம் அவளுக்கு அதுவரை தெரியாது.

அடுத்தது செய்முறைத் தேர்வு. அலுவலகத்துக்குப் பின்னால் ஒரு மைதானம் உண்டு. தேர்வு ஓட்டுநர் கண்ணைக் கட்டிக்கொண்டு தேர்வுக் காரை ஓட்டுவார். விண்ணப்பதாரர் பக்கத்தில் உட்கார்ந்து பயப்பட வேண்டும். ஏழு சுற்று. பாவாத்தாள் ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்தினாள். முதல் சுற்றில், "சித்தெ எடப்பக்கமா ஒடிங்க, குழி இருக்குது" என்றாள். இரண்டாவது சுற்றில் ஓட்டுநருக்கு எந்த ஊர் என்று விசாரித்தாள். மூன்றாவது சுற்றில் தூங்கிவிட்டாள். விடிகாலை நான்கு மணிக்கு எழுந்தவள்.

மைதானத்தின் ஓரத்தில் நின்ற சிவரஞ்சனி முதல் சுற்றில் மருதாசலத்தின் முழங்கையைப் பிடித்தாள். இரண்டாவது சுற்றில் அவளிடமிருந்து வந்த சத்தத்தில் பேக்கரியின் கண்ணாடிக்குள் பன் எல்லாம் ஒரு பக்கமாக நகர்ந்தது. மூன்றாவது சுற்றில் மூச்சை உள்ளே இழுத்தாள், கண்ணை மூடினாள், உதட்டை அசைத்தாள், வலது காலால் தரையை மிதித்தாள். நான்கையும் ஒரே நேரத்தில் செய்தாள். மருதாசலம் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு அவளுடைய சத்தத்தைக் காதுகொடுத்துக் கேட்டார்.

"தொழில் தெரிஞ்ச சத்தம்" என்றார். "இத்தனை நாள் இந்த அம்மிணியை ஓட்டறதுக்கு உட்டு வீணாக்கிட்டமே."

தெய்வானை மேடம் ஏழாவது சுற்று முடியும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு உள்ளே போய்க் கடிதம் அடித்துக்கொண்டு வந்தார். பாவாத்தாளை எழுப்பி அவளிடம் கொடுத்தார். அவள் அதை மகளிடம் கொடுத்தாள். சிவரஞ்சனி படித்தாள்: விண்ணப்பதாரர் பாவாத்தாளிடம் அச்சம் இல்லை. விண்ணப்பிக்காதவர் சிவரஞ்சனி தேர்ச்சி.

"ஏம்மா, என்னை நினைச்சாவது ஒரு வாட்டி பயப்பட்டிருக்கலாமில்ல?" என்றாள் சிவரஞ்சனி. "நான் ஓட்டறப்ப உனக்குப் பயமே வராதா?"

பாவாத்தாள் யோசித்தாள். "இருந்துது கண்ணு. நீ பொறக்கறதுக்கு முன்னாடி எனக்கும் நெறைய இருந்துது. பொறந்தப்ப அத்தனையும் நீ வாங்கிட்டே. அப்பறம் எனக்கு எங்க மிச்சம்?"

தெய்வானை மேடம் அதையும் எழுதிக்கொண்டார். பரம்பரையாகக் கைமாறிய அச்சத்துக்கு ஒரு படிவம் இருந்தது. பிறகு இன்னொரு விஷயம் அவருக்குத் தோன்றியது. "உங்களுக்கு லைசென்ஸ் இருக்குங்களா?"

பாவாத்தாள் இடுப்பிலிருந்து ஒரு பையை எடுத்து அதற்குள்ளிருந்து எடுத்துக் கொடுத்தாள். ஒரு காலத்தில் தோட்டத்தில் டிராக்டர் ஓட்டியபோது வாங்கியது. கார் ஓட்டவும் செல்லும். மேடம் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வயதுக்கு யாரும் தேவையில்லை. படிப்புக்கு யாரும் தேவையில்லை. வீடு ஊருக்கு வெளியே தோட்டத்தில் என்பதால் முகவரிக்கும் யாரும் தேவையில்லை. மகள் ஊருக்குள் அறை எடுத்திருந்ததுதான் அதுவரை கணக்கில் வந்திருந்தது. பாவாத்தாள் ஓட்டினால் ஆபத்து பூஜ்யம். ஆனால் ஒருவருமே பயப்படாத காரைச் சாலையில் விட விதி இடம் தராது. குறைந்தபட்சம் ஒருவர்.

"பொண்ணையே போட்டுடலாங்களா?" என்றார் மேடம்.

"அவளுக்குச் சம்மதம்னா சரிங்க" என்றாள் பாவாத்தாள்.

சிவரஞ்சனி நிபந்தனைகளை இரண்டு முறை படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாள். வண்டி கிளம்பித் திரும்ப வந்து சேரும்வரை பணி நேரம். பணி நேரத்தில் பிரதிநிதி ஓட்டுநரிடமிருந்து ஒரு கை தூரத்துக்குமேல் விலகக் கூடாது. இரண்டு கைகளும் எதையாவது இறுகப் பிடித்திருக்க வேண்டும்.

விழா நாளன்று பாவாத்தாள் சேலையைக் கதவிலிருந்து எடுத்துக் கட்டிக்கொண்டாள். இருபது நாளில் முதல்முறையாகக் கதவைச் சாத்தினாள். காரின் இருக்கையை முன்னால் இழுத்து, கண்ணாடியைச் சரிசெய்து, சாவியைத் திருப்பினாள். சிவரஞ்சனி பட்டமளிப்பு அங்கியோடு பக்கத்தில் உட்கார்ந்தாள். பின்னால் மூன்று இருக்கை காலியாக இருந்ததால் பழைய பிரதிநிதிகள் மூன்று பேரும், அன்று அவர்களுக்கு விடுமுறை, சும்மா வருகிறோம் என்று ஏறிக்கொண்டார்கள். மருதாசலத்துக்கு இடமில்லை. அவர் பாவாத்தாளின் மொபெட்டை வாங்கிக்கொண்டு காருக்குப் பக்கத்திலேயே ஓட்டிக்கொண்டு வந்தார்.

பாவாத்தாள் கியரை மாற்றினாள். பைபாஸில் ஏறியதும் வண்டி தொண்ணூறைத் தொட்டது. மூச்சு உள்ளே இழுப்பவர் ஜன்னலைத் திறந்து வெளிக்காற்றை உள்ளே வாங்கி வெளியே விட்டு, வாங்கி விட்டு, வந்துகொண்டிருந்தார். டயானா டீச்சர் பாட ஆரம்பித்தார். கைப்பிடிக்காரர் கைப்பிடியைத் தாளமாகத் தட்டினார். சிவரஞ்சனி ஐந்து பேருக்கும் சேர்த்துப் பயந்தாள்.

"அம்மா, லாரி!"

"பாத்துட்டேன் கண்ணு."

"அம்மா, பாலம்!"

"பாலம் அங்கயேதான் இருக்கும். நீ பாட்டுக்குப் பயப்படு. நல்லாப் பண்றே."

முதல்முறையாக அவளுடைய பயத்துக்கு ஒரு பிரயோஜனம் இருந்தது. அவள் கத்தக் கத்த வண்டி சீராக ஓடியது. நாற்பதாவது கிலோமீட்டரில் மொபெட் சூடாகி நின்றது. மருதாசலம் ஓர் இளநீர்க் கடையில் நின்றுகொண்டு கையசைத்தார்.

அரங்கத்தின் வாசலில் ஒரு சிக்கல். பணி நேரம் முடியவில்லை. வண்டி இன்னும் பூலாங்காட்டூர் திரும்பவில்லை. வாசலில் நின்ற ஊழியர் நிபந்தனைத் தாளை வாங்கிப் படித்தார்.

"டிரைவரும் பிரதிநிதியுமா? ஒரு கை தூரம் விடாம போங்க" என்று சொல்லிவிட்டு, பட்டம் பெறுவோர் வரிசையில் இருவரையும் சேர்த்து நிறுத்தினார்.

பெயரை வாசித்தார்கள். மேடையில் பாவாத்தாள் முன்னால் நடந்தாள். சிவரஞ்சனி ஒரு கை தூரத்தில், இரண்டு கைகளாலும் அம்மாவின் முந்தானையை இறுகப் பிடித்துக்கொண்டு பின்னால் நடந்தாள். மேடையில் பிடிக்க வேறு எதுவும் இல்லை. சிறப்பு விருந்தினர் பட்டத்தை நீட்டினார். சிவரஞ்சனியால் கையை எடுக்க முடியாது. நிபந்தனைத் தாளில் கையெழுத்துப் போட்டிருந்தாள். விருந்தினர் ஒரு கணம் காத்திருந்தார்.

"இங்க குடுங்க சாமி" என்று பாவாத்தாள் வாங்கிக்கொண்டாள். பால் கேன் தூக்கும் கை என்பதால் அவ்வளவு கனமும் அவளுக்குத் தெரியவில்லை. போட்டோக்காரர் இன்னும் கொஞ்சம் இந்தப் பக்கம் என்றார். அவள் திரும்பினாள். முந்தானையோடு மகளும் திரும்பினாள். அரங்கம் கைதட்டியது. கைதட்டல் சத்தத்துக்குச் சிவரஞ்சனி பயந்தாள். அதுவும் பணியில் சேரும்.

பட்டம் கைக்கு வந்துவிட்டதால் அவள் இனி மாணவர் இல்லை. திரும்பி வந்ததும் தெய்வானை மேடம் ஒரு பிரதிநிதியைக் குறைத்துவிட்டார். இப்போது சிவரஞ்சனி ஓட்டினாலும் காரில் ஓர் இடம் காலி. ஆனால் அவள் ஓட்டுவதில்லை. சொசைட்டிக்குக் கேன்கள் காரில்தான் போகின்றன. அவள் பக்கத்தில் உட்கார்ந்து வேலை பார்க்கிறாள்.

கேள்விப்பட்டது இவ்வளவுதான். எல்லாவற்றையும் அப்படியே எழுதிவிட மனசு வராமல், பதிவெண்ணைக் கேட்டு வாங்கிப் பல்கலைக்கழகத்தின் இணையதளத்தில் போட்டுப் பார்த்தேன். சிவரஞ்சனி, முதல் வகுப்பு என்று வந்தது. அதற்குக் கீழே இன்னொரு வரி இருந்தது. பட்டத்தைக் கையில் பெற்றவர்: பாவாத்தாள். அரியர், இரண்டு பாடம். இன்ஜினியரிங் டிராயிங், மண் இயக்கவியல். நவம்பர் தேர்வுக்கு அவர் பணம் கட்டிவிட்டார். ஹால் டிக்கெட் வந்துவிட்டது. உடன் கொண்டுவரலாம் என்ற இடத்தில் நீலப் பேனா, அளவுகோல், கால்குலேட்டர், ஒரு மகள் என்று அச்சிட்டிருக்கிறது.